பகலில் தீவு, இரவில் கப்பல்

டென் ஹெல்டருக்கு அப்பால் ரயில் போகாது. ஆம்ஸ்டர்டாமில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் வடக்கே ஓடுகிறது. ஆல்க்மார், ஸ்காகன் என்று ஊர்கள் சிறுத்துக்கொண்டே வந்து, ஜன்னலுக்கு வெளியே பூக்கிழங்கு வயல்களும் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலமும் மட்டும் மிஞ்சுகின்றன. கடைசி நிலையத்தில் இறங்கினோம். காற்று முகத்தில் உப்போடு மோதியது. டெக்ஸல் தீவுக்குப் போகும் படகுத்துறை இந்த ஊரில்தான். நெதர்லாந்தின் கடற்படைக்கு நூற்றாண்டுகளாக டென் ஹெல்டர்தான் தாய்த் துறைமுகம்.

ஐன்ட்ஹோவனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் உடன் வந்திருந்தான். "மாமா, இந்த நாட்டுக்கு வர்றவங்க வான் கோ ஓவியம் பார்ப்பாங்க, துலிப் தோட்டம் பார்ப்பாங்க. நீங்க ஒரு பழைய கப்பலைப் பார்க்க இவ்வளவு தூரம் வர்றீங்களே!" என்றான். அவனிடம் ஒரு புகைப்படத்தைக் காட்டினேன். போர் வரலாற்று நூல் ஒன்றில் அதைப் பார்த்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். கரையோரத் தண்ணீரில் ஒரு புதர்க்காடு நிற்கிறது. உற்றுப் பார்த்தால்தான் இலைகளுக்கு நடுவே கப்பலின் கம்பமும் இரும்பு விளிம்பும் தெரியும். தழை கட்டி நிறுத்திய தேர் மாதிரி இருக்கும். ஜப்பானிய விமானங்களுக்குக் கண்ணாமூச்சி காட்டித் தப்பிய டச்சுக் கப்பல் அது. ஆபிரகாம் கிரைன்சன் என்று பெயர்.

அந்தக் கப்பல் இன்னும் இருக்கிறது. டென் ஹெல்டரின் பழைய கடற்படைத் தளமான வில்லம்ஸோர்ட்டில், கடற்படை அருங்காட்சியகத்தின் துறையில் மிதக்கிறது. தரையேற்றி வைத்திருக்கும் டோனைன் நீர்மூழ்கிக்குள் நுழையத்தான் கூட்டம் வரிசை கட்டுகிறது. குழந்தைகள் எல்லோரும் அந்தப் பக்கம். எங்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. சாம்பல் வண்ணம் பூசிய சிறு கப்பல் எங்களுக்கென்றே காத்திருந்தது.

சிறியதுதான். முனையிலிருந்து முனை வரை 56 மீட்டர், அகலம் 8 மீட்டருக்கும் குறைவு. ஸ்கீடாம் நகரின் குஸ்டோ கப்பல்கட்டும் தளத்தில் 1936இல் நீரில் இறக்கினார்கள். 1937 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது. 45 பேர் கொண்ட குழு. நீராவி இயந்திரம். முன்தளத்தில் 75 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று. முழு வேகம் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஓடக்கூடியவை. ஓடியும் தப்ப முடியாது, நின்று சுட்டும் தப்ப முடியாது என்ற அளவில் கட்டப்பட்ட கப்பல்.

காரணம், இதன் வேலை வேறு. இது மைன்ஸ்வீப்பர், கடலில் போட்டு வைத்த கண்ணிவெடிகளைக் களைவதற்காகக் கட்டியது. அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருந்த ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் பின்தளத்துக்கு எங்களை அழைத்துப் போய், கையாலேயே காற்றில் வரைந்து விளக்கினார். அந்தக் காலத்துக் கடல் கண்ணி ஒரு இரும்புக் கோளம். அடியில் ஒரு பாரம் தரையில் கிடக்கும். அதிலிருந்து நீளும் கம்பிவடத்தின் நுனியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கோளம் நிற்கும். அதன்மேல் ஈயத்தாலான கொம்புகள். கப்பல் உரசினால் கொம்பு வளையும், உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் உடையும், அதிலிருந்து வழியும் அமிலம் ஒரு மின்கலத்தை உயிர்ப்பிக்கும். அந்தச் சிறு மின்சாரம் போதும், வெடித்துவிடும். மைன்ஸ்வீப்பர் தனக்குப் பின்னால் நீண்ட எஃகு வடத்தை இழுத்துச் செல்லும். வடத்தைப் பக்கவாட்டில் விலக்கிப் பிடிக்க ஒரு பலகை, ஆழத்தில் அழுத்திப் பிடிக்க இன்னொன்று, இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு மிதவை. அந்த வடம் கண்ணியின் கம்பியில் மாட்டி அறுக்கும்; கோளம் துள்ளி மேலே வரும்; துப்பாக்கியால் சுட்டு முடிப்பார்கள். இதைச் செய்ய கப்பல் அதிகம் மூழ்காமல் மிதக்க வேண்டும். கிரைன்சன் தண்ணீருக்குள் இரண்டேகால் மீட்டர்தான் இறங்குகிறது. மற்ற போர்க்கப்பல்கள் எட்டிப் பார்க்காத கரையோரச் சேற்றுக்குள்ளும் புகுந்துவிடும். அந்தக் குணம் பின்னால் இதன் உயிரைக் காத்தது என்று நான் நினைக்கிறேன்.

1942 பிப்ரவரி. கிரைன்சன் ஜாவாவின் சுரபாயா துறைமுகத்தில் இருந்தது. இந்தோனேசியா அப்போது டச்சுக் கிழக்கிந்தியா. தாய்நாடு 1940 மே மாதமே ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. அரசி வில்ஹெல்மினா லண்டனில் இருந்தார். சிங்கப்பூர் பிப்ரவரி 15இல் விழுந்தது. பிப்ரவரி 27இல் ஜாவாக் கடற்போர். அட்மிரல் காரல் டூர்மன் தன் கப்பலோடு மூழ்கினார்; நேச நாடுகளின் படை சிதறியது. மிஞ்சிய கப்பல்களெல்லாம் ஆஸ்திரேலியாவுக்கு ஓடும்படி உத்தரவு வந்தது.

சுரபாயாவில் ஒரே வகையைச் சேர்ந்த நான்கு மைன்ஸ்வீப்பர்கள் இருந்தன: யான் வான் அம்ஸ்டல், பீட்டர் டி பிட்டர், ஏலாண்ட் டுபாய்ஸ், ஆபிரகாம் கிரைன்சன். பீட்டர் டி பிட்டரையும் ஏலாண்ட் டுபாய்ஸையும் எதிரி கையில் சிக்கக்கூடாதென்று சொந்த மாலுமிகளே மூழ்கடித்தார்கள். யான் வான் அம்ஸ்டலை மதுரா நீரிணையில் ஜப்பானிய நாசகாரி ஒன்று மார்ச் 8 இரவு பிடித்து மூழ்கடித்தது. அதே நாட்களில் ஜாவாவில் டச்சுப் படை சரணடைந்தது. கிரைன்சன் தனியாக நின்றது.

இனி அந்தப் புகைப்படம். மாலுமிகள் பக்கத்துத் தீவுகளில் இறங்கி மரக்கிளைகளையும் தழைகளையும் வெட்டி வந்து கப்பல் முழுவதும் கட்டினார்கள். மறைக்க முடியாத இரும்புப் பகுதிகளுக்குப் பாறை நிறம் தீட்டினார்கள். பொழுது விடியும்போது ஏதாவது ஒரு கரையை ஒட்டி நங்கூரம். இருட்டிய பிறகுதான் இயந்திரம். பகல் முழுக்க அசைவில்லை.

அந்தப் பகல்களைத்தான் நான் தளத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். மேலே விமானத்தின் இரைச்சல் கேட்கிறது. பீரங்கி இருக்கிறது, சுடக்கூடாது. கால் இருக்கிறது, ஓடக்கூடாது. நாற்பத்தைந்து பேர் ஒரு இரும்புப் பெட்டிக்குள், ஜாவா வெயிலில், தழைகளின் அடியில். வெட்டிய கிளை அந்த வெயிலில் எத்தனை நேரம் பச்சையாக நிற்கும்? வாடிய தீவை எந்த விமானியும் சந்தேகப்படுவான். போரில் வீரம் என்றால் முன்னேறுவது, பாய்வது, சுடுவது என்றே படித்து வளர்ந்திருக்கிறோம். அசையாமல் இருப்பதற்கு அதைவிட நெஞ்சுரம் வேண்டும் என்று அங்கே எனக்குத் தோன்றியது.

"எப்படி மாமா நம்பினாங்க? நேத்து இல்லாத தீவு இன்னைக்கு எப்படி வரும்?" என்றான் மருமகன். நல்ல கேள்வி. அந்தக் கடலில் பல்லாயிரம் தீவுகள். சிலவற்றில் நாலைந்து மரம்தான் நிற்கும். அத்தனையையும் எந்த விமானி மனப்பாடம் செய்திருப்பான்? கண் தேடுவது கப்பலின் நேர்க்கோடுகளை. கூர்மையான முனை, செங்குத்துக் கம்பம், அலையில் நீளும் வெண்ணுரைத் தடம். தழை நேர்க்கோடுகளை உடைத்துவிட்டது. நங்கூரம் வெண்ணுரையை அழித்துவிட்டது. கரையோடு ஒட்டி நின்றதால் நிழலும் கரையின் நிழலாகிவிட்டது. ஆழமான அடிப்பாகம் கொண்ட கப்பலால் அவ்வளவு ஒட்டி நின்றிருக்கவும் முடியாது.

மார்ச் 20இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் துறைமுகத்துக்குள் கிரைன்சன் நுழைந்தது. ஜாவாவிலிருந்து தப்பி வந்த கடைசிக் கப்பல் அதுதான். அந்த நால்வரில் உயிரோடு வந்ததும் அது ஒன்றே.

பெரும்பாலான நூல்கள் இங்கே கதையை முடித்துக்கொள்கின்றன. எனக்கு இதற்குப் பின்னால் நடந்தவையும் அதே அளவு முக்கியம்.

1942 செப்டம்பர் 28இல் கப்பல் ஆஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறியது. வணிகக் கப்பல் வரிசைகளுக்கு நீர்மூழ்கி எதிர்ப்புக் காவலாக நிறுத்தினார்கள். டச்சு மாலுமிகள் கொஞ்சம் பேர், ஆஸ்திரேலியர்கள், கூடவே ஜூபிடர் என்ற பிரிட்டிஷ் நாசகாரியிலிருந்து பிழைத்து வந்தவர்கள் என்று குழு மூன்று நாட்டுக் கலவையானது. ஜூபிடர் எப்படி மூழ்கியது தெரியுமா? ஜாவாக் கடற்போர் நடந்த அதே இரவில், கண்ணிவெடியில் மோதி. அது ஜப்பானியக் கண்ணி அல்ல. அன்று பகலில் டச்சுக் கப்பல் ஒன்று ஜாவாவின் வடகரையில் போட்டு வைத்த கண்ணி. நண்பனின் கண்ணியில் கப்பலை இழந்தவர்கள், அந்த நண்பனின் கண்ணி அகற்றும் கப்பலில் வந்து வேலைக்கு நின்றார்கள். கதைக்காரன் இப்படி எழுதினால் மிகை என்போம். போர் இதைச் சாதாரணமாகச் செய்கிறது.

சிட்னிக்குப் போகும் வழியில் குழுவினருக்குள் கைகலப்பே நடந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டுக் கப்பல் ஒன்றுக்கு மாற்றிவிடும்படி கேட்டார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. நாடு ஜெர்மனியிடம், குடும்பம் எங்கோ, சகோதரக் கப்பல்கள் கடலடியில். மிஞ்சியது காலடியில் உள்ள இந்தத் தளம் ஒன்றுதான்; அதிலிருந்தும் கொடியை இறக்கிவிட்டார்கள். தலைமை ஏற்ற சாப்மன் என்ற ஆஸ்திரேலிய லெப்டினன்ட் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதிகாரிகள் அறையில் தொங்கிய அரசி வில்ஹெல்மினாவின் படத்தைக் கழற்றிவிட்டு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை மாட்ட வேண்டும்; அதைச் செய்யாமல் விட்டார். அரசி இருந்த இடத்திலேயே இருந்தார். கொந்தளிப்பு மேலும் முற்றாமல் நின்றது. ஆளைப் புரிந்துகொண்ட அதிகாரிக்கு எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தது.

1943 ஜனவரி 26, பாஸ் நீரிணை. சிட்னிக்குப் போகும் கப்பல் வரிசைக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த கிரைன்சனின் ஒலிக்கருவி தண்ணீருக்கடியில் எதையோ கண்டது. நீர்மூழ்கி என்று முடிவு செய்து, பண்டபர்க் என்ற ஆஸ்திரேலியக் கப்பலோடு சேர்ந்து ஆழ்வெடிகளைப் போட்டது. முதல் இரண்டு வெடிகளைப் போடும்போது கிரைன்சன் இன்னும் வேகம் எடுத்திருக்கவில்லை. ஆழ்வெடியைப் போட்ட கப்பல் அது வெடிப்பதற்குள் விலகி ஓடிவிட வேண்டும்; இது ஓடி முடிப்பதற்குள் கீழே வெடித்துவிட்டது. குழாய்கள் பெயர்ந்தன, பொருத்துகள் உடைந்தன, அடிப்பாகத்தின் நடுக்கோட்டில் இருந்த ரிவெட் ஆணிகள் அத்தனையையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு வாரம் உலர்துறையில் கிடந்தது. நீர்மூழ்கியின் சிதைவு எதுவும் கிடைக்கவில்லை.

தன்னார்வலப் பெரியவர் பக்கச் சுவரைக் காட்டி, "தொட்டுப் பாருங்கள்" என்றார். கையை வைத்தேன். பல பூச்சு சாம்பல் வண்ணத்துக்கு அடியிலும் ரிவெட் தலைகள் உள்ளங்கையில் வரிசையாகத் தட்டுப்பட்டன. குளிர்ந்து போயிருந்தன. இரும்புத் தகடு நான் எண்ணியதைவிட மெல்லியது, தட்டினால் ஒலிக்கிறது. இந்தத் தகடுதான் ஜாவாவிலிருந்து அத்தனை பேரைச் சுமந்து வந்தது.

பண்டபர்க் என்ற பெயரைச் சொன்னதும் வேறொன்றையும் சொல்ல வேண்டும். அது பாத்தர்ஸ்ட் வகைக் கப்பல். ஆஸ்திரேலியாவில் கட்டிய அந்த வகையில் சில, அன்றைய இந்தியக் கடற்படைக்கும் வந்தன. அவற்றில் ஒன்று பெங்கால். இந்திய மாலுமிகளைக் கொண்ட மைன்ஸ்வீப்பர். கிரைன்சன் தப்பி வந்து சேர்ந்த அதே ஃப்ரீமேன்டிலிலிருந்து, அதே 1942 நவம்பரில், ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக பெங்கால் புறப்பட்டது. நவம்பர் 11இல் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இரண்டு ஜப்பானியத் தாக்குதல் கப்பல்கள் எதிர்ப்பட்டன. இரண்டும் பெங்காலைவிடப் பல மடங்கு பெரியவை. பெங்கால் விலகவில்லை, ஒண்டினா தப்பிக்கட்டும் என்று நேராக அவற்றை நோக்கிப் போனது. எதிரிக் கப்பல்களில் ஒன்றான ஹோகோகு மாரு தீப்பிடித்து மூழ்கியது. ஒண்டினாவின் கேப்டன் இறந்தார். ஆனால் கப்பலும் பெங்காலும் பிழைத்தன. பெங்கால் சுதந்திர இந்தியாவின் கடற்படையிலும் இருந்து, 1960இல் உடைப்புக்குப் போயிற்று. கிரைன்சனைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கப்பல் இருக்கிறது. பெங்காலைப் பார்க்க நமக்கு எதுவும் இல்லை. டென் ஹெல்டரில் நின்றபோது இந்த ஏக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது.

1943 மே மாதம் கிரைன்சன் டச்சுக் கடற்படைக்குத் திரும்பியது. பிறகு கொஞ்ச காலம் பேச எதுவுமில்லை. 1945 ஜூனில், பயன் தீர்ந்த கே-9 என்ற டச்சு நீர்மூழ்கியை சிட்னியிலிருந்து டார்வினுக்கு இழுத்துப் போகும் வழியில் வடம் அறுந்து, நீர்மூழ்கி சீல் ராக்ஸ் கரையில் ஒதுங்கியது. அதன்பின் கிரைன்சன் தான் பிறந்த வேலைக்கு வந்தது. ஜப்பான் பணிந்த பிறகு, திமோரின் குபாங் துறைமுகத்தில் கிடந்த கண்ணிகளை அகற்றியது. ஆஸ்திரேலியப் படை அங்கே வந்து, செப்டம்பர் 11இல் மோர்ஸ்பி கப்பலின் தளத்தில் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றது.

கதை இதோடு நின்றிருந்தால் நானும் முழு மனதோடு கைதட்டியிருப்பேன். நிற்கவில்லை. இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17இல் விடுதலையை அறிவித்தது. டச்சு அரசு அதை ஏற்க 1949 டிசம்பர் வரை ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிரைன்சன் அந்தக் கடலில், அந்த விடுதலைப் போராளிகளுக்கு எதிராக நின்றது. எந்தத் தீவுகளின் மரங்கள் தன்னைப் போர்த்தி உயிர் கொடுத்தனவோ, அந்த மண்ணின் மக்களுக்கு எதிராக. தளத்தில் நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நம் கையும் அங்கே சுத்தமில்லை. 1945 நவம்பரில் இதே சுரபாயாவில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் இந்தோனேசியர்களோடு தெருத் தெருவாகச் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களை அனுப்பியதை நேரு வெளிப்படையாகக் கண்டித்தார். தழை போர்த்திய நாட்களின் துணிவு உண்மை. பின்னால் வந்த ஆண்டுகளின் அநீதியும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை நான் கழிக்க மாட்டேன்.

பெயரும் அந்த வரலாற்றிலிருந்து வந்ததுதான். ஆபிரகாம் கிரைன்சன் பதினேழாம் நூற்றாண்டின் ஸேலண்ட் கடற்தளபதி. 1667இல் தென் அமெரிக்காவின் சூரினாமை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தவர். அந்த ஆண்டு பிரெடா உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் சூரினாமை வைத்துக்கொண்டு, இன்றைய நியூயார்க்கை ஆங்கிலேயரிடமே விட்டார்கள்.

கப்பல் 1951இல் நெதர்லாந்து திரும்பியது. 1960இல் பட்டியலிலிருந்து நீங்கி, கடல் பயிற்சிச் சிறுவர்களின் பள்ளிக் கப்பலாயிற்று. முதலில் ஹேக் நகரில், பிறகு ராட்டர்டாமில். உடைப்புக் களத்துக்குப் போகாமல் காத்தது அந்தச் சிறுவர்கள்தான். 1995இல் கடற்படை அருங்காட்சியகம் ஏற்று, போர்க்காலத்தில் இருந்தபடி சீரமைத்தது.

இறங்கும் முன் மருமகன் பெரியவரிடம், "இப்போது கண்ணி அகற்றும் வேலையெல்லாம் இருக்காதே?" என்று கேட்டான். அவர் துறைக்கு அப்பால், இயங்கும் கடற்படைத் தளத்தின் பக்கம் கையை நீட்டினார். வடகடலின் அடியில் இரண்டு உலகப் போர்களின் கண்ணிகளும் குண்டுகளும் இன்றும் கிடக்கின்றன. 2005 ஏப்ரலில் ஒரு டச்சு மீன்பிடிப் படகின் வலையில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று ஏறி வந்தது. படகின் தளத்தில் அது வெடித்து மூன்று மீனவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு டச்சு, பெல்ஜியக் கடற்படைகள் சேர்ந்து ஒரு தொடர் நடவடிக்கை தொடங்கின. வலையில் சந்தேகமான இரும்பு ஏறினால் மீனவர் கடலோரக் காவலை அழைக்கிறார். கப்பல் போய் அதை அங்கேயே கடலடியில் வெடிக்க வைக்கிறது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.